மூன்றாவது இழுப்பு

காலை ஆறு பத்துக்கு டெய்லர் தன் கல்லில் உட்கார்ந்து தூண்டிலை வீசிவிட்டார். சீசனின் நான்காவது ஞாயிற்றுக்கிழமை.

ஏரியில் வாய்க்கால் வந்து விழும் இடத்தில் அந்தக் கல் கிடந்தது. தட்டையான கல். ஓர் ஆள் உட்காரலாம், பக்கத்தில் ஃப்ளாஸ்க் வைக்கலாம். மேலே மரம், முதுகுக்குப் பின்னால் காற்று. வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் தீனிக்காகக் கெண்டைகள் விடியலில் அங்கே கூடும். ஏரியை முழுக்கச் சுற்றி வந்தாலும் அப்படி இன்னோர் இடம் கிடையாது.

கல் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு சீசனில் ஆகப் பெரிய மீனைப் பிடிப்பவருக்கு அடுத்த சீசன் முழுவதும் அந்தக் கல். அவர்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆறு சீசனாக டெய்லர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் அடுத்தவர் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துக் குனிந்து நிற்பவர். காலர் இறுக்குகிறது, கை நீளம், பட்டன் சரியில்லை என்று யார் வந்து சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்பவர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லில் உட்காரும்போது மட்டும் மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் யாரையும் பார்க்கமாட்டார்.

மற்றவர்கள் என்றால் மூன்று பேர். கணக்கு வாத்தியார், பஸ் டிரைவர், இந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த டெய்லரின் மைத்துனன்.

மைத்துனனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மாற்றலாகி வந்தவன் அக்கா வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தான். சீசன் தொடங்கிய வாரம் டெய்லரின் மனைவி சொன்னாள்:

"அவனையும் கூட்டிட்டுப் போங்களேன். லீவு நாளானா செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

"அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?"

"நீங்க மட்டும் தூண்டிலோடவா பொறந்தீங்க?"

கூட்டிக்கொண்டு போனார். முதல் மூன்று வாரம் மைத்துனனுக்கு ஒரு மீனும் சிக்கவில்லை. கேள்விகள்தான் வந்துகொண்டிருந்தன.

"மாமா, தக்கை ஏன் சாஞ்சே நிக்குது?"

"மாமா, ஈயத்த முள்ளுலேர்ந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும்?"

டெய்லருக்கு அது பிடித்திருந்தது. யாரும் அவரிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். மைத்துனன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டான்.

"என்னப்பா, பரீட்சை எப்போ?" என்றார் டிரைவர். "கேள்வித்தாள் வெளிய வந்தா எனக்கும் ஒண்ணு குடு."

அந்த நான்காவது ஞாயிற்றுக்கிழமை மைத்துனனின் தக்கை ஒரே முங்காக முங்கியது. அவன் பதறவில்லை. தூண்டில் நரம்பைத் தளர விட்டு, இறுக்கி, மறுபடி தளர விட்டு, டெய்லர் சொல்லிக் கொடுத்ததை வரி பிசகாமல் செய்து மீனைக் கரைக்குக் கொண்டுவந்தான்.

டெய்லரின் டேப்தான் அங்கே அளவு. மீனை ஈரச் சாக்கில் கிடத்தி, வாயை மூடி, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். வாலை விரிய விட்டால் இரண்டு சென்டிமீட்டர் குறையும். யார் மீனாக இருந்தாலும் டெய்லர் வாலைச் சேர்த்துப் பிடித்துத்தான் அளப்பார். அவருடைய மீனை மட்டும் அதே டேப்பால் வாத்தியார் அளப்பார். படகுக் கொட்டகையின் கதவில் சாக்பீஸால் எழுதிவைப்பதும் வாத்தியார்தான்.

"நாப்பத்தொண்ணு," என்றார் டெய்லர்.

டெய்லரின் மீன் நாற்பத்து மூன்று.

இரண்டு சென்டிமீட்டர். சட்டையாக இருந்தால் தையலுக்குள் மடித்துவிடலாம். ஆறு வருடத்தில் டிரைவரோ வாத்தியாரோ இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

"வரி கட்டுங்க டெய்லர்," என்றார் வாத்தியார்.

வரி என்பது அவர்கள் விதி. அன்றைக்கு ஜெயித்தவர் தனக்குத் தெரிந்த ஒரு நுணுக்கத்தை உண்மையாக மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாத்தியார் கொண்டுவந்தது. ஒருத்தனே ஜெயித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் போட்டியா என்று கேட்டுக் கொண்டுவந்தார். டெய்லர் ஆறு வருடமாக ஒழுங்காக வரி கட்டியிருக்கிறார். சோப்பு வாசம் போகக் கையைக் கழுவிவிட்டு இரைமாவு பிசைவது, தன் நிழல் தண்ணீரில் விழாமல் உட்காருவது, நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டு வைத்திருப்பது. எல்லாம் நிஜம். சொன்னதால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. டிரைவர் அடுத்த வாரமே மறந்துவிடுவார். வாத்தியார் செய்து பார்ப்பார், அரை மணியில் பொறுமை போய்விடும்.

இவன் மறக்கமாட்டான். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னிக்குப் பிடிச்சத விடுங்க," என்றார் டெய்லர். "பெரிய மீன் எங்க இருக்குன்னு சொல்றேன்."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"எதிர்க்கரையில பம்ப் ஹவுஸ் இருக்குல்ல. அந்தப் படிக்கட்டுல உக்காரணும். தக்கை வேணாம். ஈயம் அடிமண்ணத் தொடட்டும். கட்டட நிழல் சுருங்கிச் சுருங்கி நாலாவது படிக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம், மீன் இழுத்தா ஒடனே தூக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணாவது இழுப்புக்குத்தான் தூக்கணும்."

சொல்லும்போதே ஒவ்வொன்றாக வந்தது. நிழல் எங்கிருந்து வந்தது, நாலாவது படி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அந்தப் படிக்கட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்கார்ந்ததில்லை. மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில் எந்த மீன் வரும்? கெண்டையை மூன்று முறை இழுக்க விட்டால் மாவைத் தின்றுவிட்டு முள்ளைத் துப்பிவிட்டுப் போகும். அதுவும் அவருக்குத் தெரியும்.

"இத்தன வருஷமா இத வெளிய விடவே இல்லையே," என்றார் வாத்தியார்.

"நாலாவது படி," என்று சொல்லிக்கொண்டே எழுதினான் மைத்துனன். "மேலேர்ந்தா மாமா, கீழேர்ந்தா?"

டெய்லர் ஒரு நொடி யோசித்தார்.

"மேலேர்ந்து."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. மனதுக்குள் இரண்டு முறை நின்று, அவனைக் கூப்பிட்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லப் பார்த்தார். வீட்டு வாசலில் மனைவி தம்பியின் கையிலிருந்த மீனை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

"அட, முதல் மீனே இவ்வளவு பெருசா!"

"என்னோடது நாப்பத்திமூணு," என்றார் டெய்லர்.

"உங்களுக்கென்ன, நீங்க வாராவாரம் கொண்டாந்து போடுறதுதானே."

உறுத்தல் அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் உள்ளே போனார்.

அடுத்த மூன்று ஞாயிறும் மைத்துனன் எதிர்க்கரையில் இருந்தான். படிக்கட்டில் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தான். அசையவே மாட்டான். பத்து மணிக்கு வெறுங்கையோடு கரையைச் சுற்றி நடந்து வருவான்.

"மோட்டாருக்கு எண்ணெய் போட்டியா?" என்பார் டிரைவர். "சம்பளம் வாங்கிக்க."

"தூண்டிலத் தண்ணிக்குள்ளதான போடுற?" என்பார் இன்னொரு வாரம். "படிக்கட்டுல போட்டுட்டு ஒக்காந்திருக்காத."

மைத்துனன் சிரிப்பான். நோட்டில் ஏதோ எழுதுவான். டெய்லர் அந்த மூன்று வாரமும் நன்றாகச் சாப்பிட்டார். கடையில் பாட்டுக்கூட முணுமுணுத்தார். நாற்பத்து ஆறு, நாற்பத்து நாலு, நாற்பத்து ஒன்பது என்று கதவில் அவருடைய எண்கள் வரிசையாக ஏறின.

மூன்றாவது வாரம் மனைவி கேட்டாள்: "அவன் மட்டும் ஏன் சும்மா வர்றான்? கொஞ்சம் சொல்லிக் குடுத்தாத்தான் என்ன?"

"சொல்லிக் குடுத்திருக்கேன்."

"என்னத்த சொல்லிக் குடுத்தீங்களோ. மூஞ்சி வாடிப் போயிருக்கு."

அவன் முகம் வாடியிருக்கவில்லை. டெய்லர் கவனித்திருந்தார். ஏதோ ஒன்றைக் கழற்றிப் பாதியில் வைத்திருக்கும் ஆளின் முகம் அது. எந்தத் திருகு எங்கே என்று யோசிக்கும் முகம். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

எட்டாவது ஞாயிறு மைத்துனன் ஒன்பதரைக்கே வந்தான். ஓடி வந்தான். மீனை ஈரத்துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்திருந்தான். டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா! யாரு பெத்த புள்ளைடா இது?"

சாக்கில் கிடத்தினார்கள். டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். மீனின் வாயை மூடினார். வால் விசிறிபோல் விரிந்து கிடந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம். யாரும் கவனிக்கமாட்டார்கள். எல்லோரும் மீனின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரல்கள் தாமாகப் போய் வாலைச் சேர்த்துப் பிடித்தன. முப்பது வருடப் பழக்கம். அவர் கைக்குப் பொய்யளவு தெரியாது.

"எவ்வளவு?" என்றார் வாத்தியார்.

டெய்லர் டேப்பை இன்னொரு முறை பார்த்தார்.

"எவ்வளவுய்யா? ஜாக்கெட்டா தைக்கப் போறே?" என்றார் டிரைவர்.

"அறுவத்தொண்ணு."

அவர் ஆறு வருடத்தில் பிடித்த எதுவும் அறுபதைத் தொட்டதில்லை. வாத்தியார் சாக்பீஸை எடுத்துக் கதவில் பெரிதாக எழுதினார். பிறகு திரும்பினார். "வரி கட்டுப்பா."

மைத்துனன் நோட்டைத் திறந்தான்.

"நான் சொல்ல என்ன இருக்கு சார்? எல்லாம் மாமா சொன்னதுதான். மூணு வாரம் எனக்குத்தான் புரியல. நிழல் நாலாவது படிக்கு ஏன் வரணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். போன வாரம்தான் பிடிபட்டுது. நிழல் அங்க வர்றப்ப மணி எட்டே முக்கால். அந்த நேரத்துக்குத்தான் மோட்டார நிறுத்துறாங்க."

"நிறுத்தினா?"

"காலைலேர்ந்து தண்ணி இழுத்து இழுத்து, குழாய் வாயில இருக்கிற கம்பி வலைல பாசி, நத்த, புழு எல்லாம் அப்பிக்கிட்டு நிக்குது. மோட்டார் நின்னதும் மொத்தமும் பொலபொலன்னு கீழ விழுது. அதத் திங்கத்தான் பெருசெல்லாம் வருது. எல்லாம் அடில மேயுது, அதனாலதான் தக்கை வேணாம்னாரு. முதல் ரெண்டு தடவ பாசியோட சேத்து இழுத்து இழுத்துப் பாக்குது. மூணாவது தடவதான் மாவ முழுங்குது."

அவன் நோட்டை மூடினான்.

"மாமா காரணத்தச் சொல்லாம விட்டாரு பாருங்க. நாமளா கண்டுபிடிக்கட்டும்னு."

வாத்தியார் டெய்லரைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவர் பார்க்கும் பார்வை.

"நான்கூட இப்படிச் சொல்லிக் குடுத்ததில்ல டெய்லர்," என்றார்.

டிரைவர் டெய்லரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டெய்லர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

அன்றிரவு வீட்டில் பேச்செல்லாம் அந்த மீன்தான். மனைவி அவர் தட்டில் நடுத்துண்டை வைத்தாள். "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. அவன் பூரிச்சுப் போய்ச் சொல்றான்." வருடக்கணக்கில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. டெய்லர் அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். திட்டியிருந்தால் தின்றிருப்பார்.

அந்த மோட்டார் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆறு சீசன், ஞாயிறு தவறாமல், ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சத்தம். அது நின்றதை மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை கடையைத் திறந்தார். இரண்டு பேருக்கு அளவெடுத்தார். எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, பின்னறையில் வைத்திருந்த தூண்டிலை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார்.

பம்ப் ஹவுஸ் படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கியது. உட்கார்ந்தார். தக்கையைக் கழற்றினார். தான் இட்டுக்கட்டிச் சொன்னதைத் தானே ஒவ்வொன்றாகச் செய்வது, தான் வெட்டிப் பாழாக்கிய துணியைத் தானே உடுத்துவதுபோல் இருந்தது. நிழல் ஏழாவது படியிலிருந்தது. ஆறு. ஐந்து. நாலுக்கு வந்தது. மோட்டார் நின்றது.

அப்படி ஓர் அமைதி. தண்ணீருக்குள் ஏதோ உதிர்வது தெரிந்தது. விரலில் நரம்பு லேசாக அசைந்தது. பிறகு இழுத்தது.

தூக்கிவிட்டார்.

அவர் தூக்கவில்லை, கை தூக்கிவிட்டது. இழுத்தால் தூக்கு என்றுதான் அந்தக் கைக்குத் தெரியும். முள்ளில் பாசி மட்டும் வந்தது. மறுபடி மாவு வைத்துப் போட்டார். ஒன்று என்று வாய்விட்டு எண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இழுத்தது. ஒன்று என்று சொல்வதற்குள் கை மேலே போய்விட்டது. மூன்றாவது முறை நல்ல கனம். அரை நொடி கம்பு வளைந்து நின்றது. பிறகு நிமிர்ந்துவிட்டது.

"புதுசா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பம்ப் ஹவுஸ்காரர் கையில் பல் குச்சியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது இழுப்புக்குத் தூக்கணும்ங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வருவாரு. அவரப் பாத்துக் கத்துக்குங்க."

டெய்லர் தூண்டிலைச் சுருட்டினார். எழுந்து நிற்கும்போதுதான் பார்த்தார், டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சீசனின் கடைசி ஞாயிறு. அறுபத்தொன்றுக்கு மேல் ஒரு மீன் வேண்டும், அல்லது கல் போய்விடும். டெய்லர் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்தார். அடுத்த வருடம் இந்த மரத்தடியில் மைத்துனனின் முதுகு தெரியும். தான் எங்கே உட்காருவது என்று கரையைப் பார்த்தார். வெயிலும் சேறுமாகத்தான் மிச்சம் இருந்தது.

மைத்துனன் எதிர்க்கரைக்குப் போகும் முன் அவரிடம் வந்தான்.

"மாமா, அங்க வாங்களேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போடலாம். நீங்க பிடிச்சா எனக்கும் சந்தோஷம்தான்."

"உன் மீன நீ பிடி."

ஏழரைக்கு அவர் தூண்டிலில் ஒன்று சிக்கியது. கால் மணி நேரம் போராடினார். வாத்தியாரும் டிரைவரும் தங்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். டெய்லர் மீனைக் கரையேற்றினார். ஆறு வருடத்தில் அவர் பிடித்ததிலேயே பெரியது.

மைத்துனன் வரும்வரை அளக்கவில்லை, ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அவன் வெறுங்கையோடுதான் வந்தான். மீனைப் பார்த்து மண்டியிட்டான். வாத்தியார் டேப்பை நீட்டினார். அவசரத்தில் வாலை மறந்துவிட்டார்.

"அம்பத்தேழு."

"இருங்க சார்," என்றான் மைத்துனன். வாலின் இரண்டு நுனியையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்தான். "இப்பப் பாருங்க."

"அம்பத்தொம்போது."

மறுபடியும் இரண்டு சென்டிமீட்டர். அவன் கொடுத்தது இரண்டு, மிச்சம் இருந்தது இரண்டு. டெய்லர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ஏறிய நகங்கள். தன்னுடையதைப்போலவே பிடித்திருந்தன.

வாத்தியார் கதவில் எழுதினார். "கல்லு உனக்குத்தான்பா."

"எனக்கெதுக்கு சார் கல்லு? படிக்கட்டு பழகிடுச்சு. மாமாவே உக்காரட்டும்."

"சிஷ்யன்னா இப்படி இருக்கணும்யா," என்றார் டிரைவர். "எனக்கும்தான் ஒரு மச்சான் இருக்கான். என் சைக்கிளக்கூடத் திருப்பித் தரல."

எல்லோரும் சிரித்தார்கள். டெய்லர் கல்லைப் பார்த்தார். அது அவருடையதுதான். இன்னொருவர் அளவுக்குத் தைத்து, அவர் வேண்டாமென்று விட்டுப்போன சட்டை மாதிரி அங்கே கிடந்தது.

வீட்டுக்கு நடந்தார்கள். இரண்டு தூண்டிலையும் மைத்துனன் தோளில் வைத்திருந்தான். மீன் டெய்லர் கையில் இருந்தது. கடையைத் தாண்டும்போது மைத்துனன் நடையைத் தளர்த்தினான்.

"பம்ப் ஹவுஸ்காரர் இன்னிக்குப் பேசிக்கிட்டிருந்தாரு மாமா. அன்னிக்கொரு புதன்கிழமை யாரோ ஒருத்தர் வந்தாராம். கழுத்துல டேப்பாம். மூணு தடவையும் முதல் இழுப்புக்கே தூக்கிட்டாராம்."

டெய்லர் மீனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக்கொண்டான்.

"மாமா, அந்த மூணாவது இழுப்ப உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"